பல்மனரி ஹைப்பர்டென்ஷன்: சொல்லும் பொருளும்

இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோ பரிசோதனையின் ரிப்போர்ட்டின் கடைசியில் 'சிவியர் பி.ஏ.எச்.' (பல்மனரி ஆர்ட்டீரியல் ஹைப்பர்டென்ஷன்) என்று ஒரு வரி இருக்கும். அதற்கு வாய்மொழியாகக் கிடைக்கும் விளக்கம், 'நுரையீரலில் பிரஷர்'. கன்னியாகுமரி மாவட்டத்துத் திங்கள்சந்தைப் பக்கத்து அத்தை ஒருவர் அந்தத் தாளை நீட்டிக் கேட்டார்: "நுரையீரல்ல பிரஷராம் மக்களே. கையில கட்டிப் பாத்தா 120தான் காட்டுது. பின்ன எங்க இருந்து வந்தது இந்தப் பிரஷர்?"

நியாயமான கேள்வி. பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'பல்மனரி' என்பதன் வேர் லத்தீனின் 'புல்மோ', அதாவது நுரையீரல். அதற்கும் முந்தைய வேர் 'மிதப்பது' என்ற பொருளுடையது என்பார்கள் மொழியறிஞர்கள். வெட்டிய ஆட்டின் நுரையீரலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளே இருக்கும் காற்று அப்படி. நம் முன்னோர் அதே உறுப்பைப் பார்த்து நுரை போன்ற ஈரல் என்றார்கள். கல்லீரல் கல்லைப் போலக் கனத்தது, நுரையீரல் நுரையைப் போல லேசானது. ஈழத்துப் பாடநூல்களில் இதற்குச் 'சுவாசப்பை' என்று பெயர். தெளிவான சொல்தான். ஆனாலும் தொட்டுப் பார்த்த உணர்வு 'நுரையீரல்' என்பதில்தான் இருக்கிறது.

'ஹைப்பர்டென்ஷன்' ஒரு கலப்புச் சொல். 'ஹைப்பர்' கிரேக்கம், 'மிகுதி' என்று பொருள். 'டென்ஷன்' லத்தீன், 'இழுத்து விறைப்பாக்குதல்' என்ற வினையிலிருந்து வந்தது. ரத்தக்குழாயின் சுவர் உள்ளழுத்தத்தால் விறைத்து நிற்பதைத்தான் அது குறிக்கிறது. நம் பேச்சிலோ டென்ஷன் என்றால் மனப்பதற்றம். அதனால் 'ஹைப்பர்டென்ஷன்' என்று கேட்டதும், மகளின் கல்யாணக் கவலைதான் காரணம் என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த நோய் கவலைப்பட்டதால் வந்ததல்ல. 'ரத்தக் கொதிப்பு' என்ற பழைய சொல்லும் இங்கே உதவாது. கோபத்தையும் சூட்டையும் நினைவூட்டி அதுவும் வழிமாற்றிவிடும்.

இனி அழுத்தம் எங்கே என்று பார்ப்போம். இதயத்துக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் உடல் முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. கையில் பட்டை கட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்து அழுத்தத்தை. வலப்பக்கம் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் ஓய்வில் சுமார் 14 மில்லிமீட்டர் பாதரசம். உடலின் பெருங்குழாயில் அது 90க்கு மேல். இரண்டும் வேறு வேறு சுற்று, வேறு வேறு அளவு. கையில் 120 இருக்கும்போதே நுரையீரலுக்குள் அழுத்தம் மூன்று நான்கு மடங்கு ஏறியிருக்கலாம். கைப்பட்டைக்கு அது தெரியவே தெரியாது.

சரியாக அளக்க வேண்டுமானால் ஒரு மெல்லிய குழாயைச் சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கத்துக்குள் செலுத்த வேண்டும். 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் தன் கைச் சிரையிலேயே குழாயை ஏற்றி, அது இதயத்துக்குள் போய்விட்டதை எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். அந்த வழியை நோயறியும் முறையாக வளர்த்த கூர்நாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவரோடு சேர்த்து 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அழுத்தத்தை அளக்கும் வழி கிடைத்த பிறகுதான் இந்த நோய்க்கு அழுத்தத்தின் பெயரே வந்தது. 1951இல் டிரெஸ்டேல் என்ற அமெரிக்க மருத்துவர், வேறு காரணம் தெரியாமல் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுவதைத் தனி நோயாக எழுதினார்.

எக்கோவில் அந்த அழுத்தம் நேராக அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது. வலப்பக்க வால்வு வழியே ரத்தம் பின்னோக்கிக் கசியும் வேகத்தை ஒலியலையால் பார்ப்பார்கள். அந்த வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி, வல மேலறையின் அழுத்தத்தையும் கூட்டினால் ஓர் எண் வரும். வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் 36, அதோடு ஒரு 5 அல்லது 10. இது உச்ச அழுத்தத்தின் மதிப்பீடு. நோயின் வரையறையோ சராசரி அழுத்தத்தை வைத்தது. 1973இல் ஜெனீவாவில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்துக்குப் பிறகு 25 என்பதே எல்லையாக இருந்தது. 1960களின் பின்பாதியில் ஐரோப்பாவில் விற்ற 'அமினோரெக்ஸ்' என்ற உடல் இளைக்கும் மாத்திரையால் பலருக்கு இந்த நோய் வந்ததுதான் அந்தக் கூட்டத்துக்குக் காரணம். 2018இல் உலக வல்லுநர் மாநாடு எல்லையை 20க்கு இறக்கியது. 20ஐத் தாண்டினால் நோய்.

'பி.ஏ.எச்.' என்ற மூன்றெழுத்துக்கு வருவோம். நடு எழுத்தான 'ஏ', 'ஆர்ட்டீரியல்', அதாவது தமனியைச் சார்ந்தது. கிரேக்கத்தில் 'ஆர்ட்டீரியா' முதலில் மூச்சுக்குழலைக் குறித்தது. 'தமனி' வடமொழியில் 'ஊதுதல்' என்ற வேரிலிருந்து வந்தது. இறந்த உடலை அறுத்துப் பார்த்தபோது தமனிகள் காலியாகக் கிடந்ததால், அவற்றில் காற்று ஓடுவதாக அக்காலக் கிரேக்கர் எண்ணினர். நுரையீரல் தமனிக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. தமனி என்றால் பிராணவாயு நிறைந்த ரத்தம் என்று பள்ளியில் படித்தது இங்கே பொருந்தாது. இதில் ஓடுவது பிராணவாயு குறைந்த ரத்தம்தான்.

மருத்துவ வரையறைப்படி பி.எச்., அதாவது பல்மனரி ஹைப்பர்டென்ஷன், என்பது பொதுப்பெயர். அதற்குள் ஐந்து வகை. பி.ஏ.எச். அவற்றில் முதல் வகை மட்டும்: நுரையீரலின் நுண் தமனிகளே தடித்து அடைபடுவது. இரண்டாவது இடப்பக்க இதயக் கோளாறால் வருவது. மூன்றாவது நுரையீரல் நோயாலோ பிராணவாயுக் குறைவாலோ வருவது. நான்காவது கரையாமல் தங்கிய ரத்தக்கட்டிகளால் வருவது. இதில் பலருக்கு அறுவை சிகிச்சையில் கட்டியை உரித்தெடுக்க முடியும். மற்றவை ஐந்தாவது. ஆனால் நம் பக்கத்து எக்கோ தாள்களில் காரணம் எதுவானாலும் பி.ஏ.எச். என்றே எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. தமிழிலும் அந்தக் குழப்பம் அப்படியே வந்துவிட்டது.

எது அதிகம் என்று தெரிந்தால் இந்தக் குழப்பத்தின் கனம் புரியும். அண்டை மாநிலத்தில் 'ப்ரோ-கேரளா' என்ற பதிவேட்டை 50 மருத்துவமனைகள் சேர்ந்து உருவாக்கின. அதில் இடம்பெற்ற சுமார் 2,000 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டாம் வகையினர். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இட வால்வு சுருங்கியவர்களும் இந்த வகையில்தான் வருவார்கள். மடை அடைபட்டால் குளத்தில் தண்ணீர் எதிரேறுவதுபோல, வால்வு சுருங்கினால் அழுத்தம் நுரையீரலுக்குள் பின்வாங்கி ஏறும். அங்கே சரிசெய்ய வேண்டியது மடையைத்தான்.

மூன்றாம் வகை நம் மாவட்டத்து வாழ்க்கைக்கு நெருக்கமானது. விளையில் (தோப்பில்) ஓலைக்கூரைக்குக் கீழே அக்கானி (பதநீர்) காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் பெண், பாகு பதம் வரும்வரை அடுப்பை விட்டு நகர முடியாது. தீ தணிந்தால் ஓலையைத் திணித்து ஊதுவார், புகை முகத்திலேயே அடிக்கும். இப்படிப் பல ஆண்டு விறகுப்புகையைச் சுவாசித்தால், பீடி தொடாதவருக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரலாம். ஊரில் அதற்கு ஒரே பெயர், 'இளைப்பு'. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) கொட்டை வறுக்கும் புகையையும், செங்கல் சூளைத் தூசியையும் அன்றாடம் சுவாசிக்கிறவர்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

இளைப்பு எப்படி அழுத்தமாகிறது? 1946இல் ஸ்வீடனில் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் கண்டது இது: நுரையீரலுக்குப் போகும் காற்றில் பிராணவாயு குறைந்தால் அங்கே ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஒரு மூலையில் மட்டும் குறைவு என்றால் இது நல்ல ஏற்பாடு. ரத்தம் காற்றுள்ள பகுதிக்குத் திரும்பிவிடும். நுரையீரல் முழுவதும் குறைந்தால் எல்லாக் குழாயும் ஒன்றாகச் சுருங்கி அழுத்தம் ஏறும். உயர்ந்த மலைகளிலும் நடப்பது இதுவே. நம் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டு அறுவை மருத்துவராக இருந்த சாமர்வெல், 1924இல் பிராணவாயு உருளை இல்லாமல் எவரெஸ்டில் ஏறத்தாழ 8,500 மீட்டர் வரை ஏறியவர். அந்த உயரத்தில் எவருடைய நுரையீரல் குழாயும் இப்படித்தான் சுருங்கும்.

வகை மாறினால் மருந்தும் மாறும். போசென்டான், சில்டெனாஃபில் போன்றவை முதல் வகைக்காக ஆராய்ந்து அனுமதிக்கப்பட்டவை. 2000இல் 'பி.எம்.பி.ஆர்.2' மரபணுவின் பிழை குடும்பவழி நோய்க்குக் காரணம் என்று தெரிந்தது; அந்தச் சமிக்ஞைப் பாதையைக் குறிவைக்கும் 'சோட்டாட்டர்செப்ட்' என்ற மருந்து 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் முதல் வகைக்கே. முதல் வகைக்கு நல்லதாக இருந்த ரியோசிகுவாட் என்ற மருந்தை நுரையீரல் தழும்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, தீங்கு தெரிந்ததால் 2016இல் நிறுத்தப்பட்டது. தழும்பு நோயோடு வரும் அழுத்தத்துக்கு மூச்சோடு உள்ளிழுக்கும் 'ட்ரெப்ரோஸ்டினில்' மருந்து 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆகவே அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரைப் பெயரைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது இந்த நோயில் ஆபத்து.

தமிழில் என்ன சொல்லலாம்? 'நுரையீரல் அழுத்தம்' என்றால் காற்றின் அழுத்தம் என்றோ நெஞ்சுக் கனம் என்றோ தோன்றும். பொதுப்பெயருக்கு 'நுரையீரல் ரத்தக்குழாய் உயர் அழுத்தம்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். சற்று நீளம்தான். ஆனால் அழுத்தம் குழாயில் இருக்கிறது என்பதைக் கேட்டவுடனே சொல்லிவிடும். முதல் வகைக்கு மட்டும் 'நுரையீரல் தமனி உயர் அழுத்தம்' என்று வைத்துக்கொள்ளலாம். 'மிகை அழுத்தம்' என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஈழத்தில் 'குருதியமுக்கம்' என்பார்கள், அதுவும் நல்ல தமிழே. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும் 1860களிலிருந்து தமிழிலும் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் காலத்திலிருந்து அங்கே வளர்ந்துவந்த கலைச்சொல் மரபு, நாம் கவனித்துப் படிக்க வேண்டியது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் 'கோர் பல்மோனேல்'. 'கோர்' லத்தீனில் இதயம். நுரையீரல் நோயால் அழுத்தம் ஏறி, அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி வலப்பக்க இதயம் தடித்து விரிந்து தளர்வதுதான் அது. 'நுரையீரல்வழி இதயநோய்' என்று சொல்லலாம். கழுத்துச் சிரை புடைக்கும், கல்லீரல் வீங்கும், சாயங்காலத்தில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். நாள்பட்ட இளைப்புக்காரருக்குக் கால் வீங்கத் தொடங்கியதும் மருத்துவர் எக்கோ எடுக்கச் சொல்வதற்கு ஒரு முக்கியக் காரணம் இது.