டயாலிசிஸ் பேஷண்ட்டுக்கு "ஊசி போட்டாச்சு"ன்னா போதாதுங்க, டைட்டர் (ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி அளவு) எவ்ளோ?

இந்த மாசம் இன்னொருத்தர். வேற யூனிட்லேர்ந்து எங்ககிட்ட மாறி வந்தார், வந்ததும் எடுக்கற பிளட் டெஸ்ட்லயே ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். அவர் மனைவி பிளாஸ்டிக் கவர்லேர்ந்து கார்டை எடுத்து நீட்டறாங்க, "மஞ்சக்காமாலை ஊசி மூணும் போட்டாச்சே சார், அப்புறம் எப்படி வந்துச்சு?" கார்டுல மூணு தேதி, ஒவ்வொண்ணும் 20 மைக்ரோகிராம், கிட்னி நல்லா இருக்கற ஆளுக்குப் போடற டோஸ். டைட்டர்னு ஒரு வரி கூட இல்ல.

அந்தம்மா கேட்டது நியாயம். அவங்களுக்கு யாருமே சொல்லல. எனக்கு கோபம் சொல்லாதவங்க மேலதான்.

ஊசி போட்டதும் பாதுகாப்பு வந்துடாதுங்க. உடம்பு அதுக்கு ஆன்டிபாடி உண்டாக்கணும், அப்பதான் பாதுகாப்பு. ஆரோக்கியமான பெரியவங்கள்ல 100ல 90 பேருக்கு மேல உண்டாகிடும். டயாலிசிஸ்ல இருக்கவங்கள்ல பாதிப்பேர், மிஞ்சிப்போனா 60, 70 பேருக்குத்தான் உண்டாகுது, வயசானவங்க, சுகர் இருக்கவங்கன்னா இன்னும் கம்மி, உண்டான ஆன்டிபாடியும் சீக்கிரமே இறங்கிடுது. கார்டுல தேதி இருக்கறதும் ரத்தத்துல ஆன்டிபாடி இருக்கறதும் ஒண்ணு இல்ல, இதை நான் தினம் சொல்லிட்டு இருக்கேன்.

அதனாலதான் இவங்களுக்கு டபுள் டோஸ். நாம அதிகமா போடற வேக்சின்ல 40 மைக்ரோகிராம், முதல் நாள், 1, 2, 6வது மாசம்னு நாலு தடவை. மேல்கைத் தசையில போடணும், இடுப்புல போட்டா சரியா வேலை செய்யாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைச்ச இடம்) இருக்கற கையைத் தொடவே கூடாது. கடைசி ஊசி போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல டைட்டர் பாருங்க, 10க்கு (mIU/mL) கீழ இருந்தா முழு கோர்ஸ் இன்னொரு தடவை. 10க்கு மேல வந்தவங்களும் வருஷா வருஷம் பாக்கணும், இறங்கினா பூஸ்டர். (டெக்னீஷியன் தம்பிகளுக்கு: ஊசி போட்ட ரெண்டு மூணு வாரத்துக்குள்ள ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தா ஊசியாலேயே பாசிட்டிவ் காட்டலாம், அதைப் பாத்து பேஷண்ட்டை பயமுறுத்தாதீங்க.)

டைட்டர் நல்லா இருக்குன்னு ஸ்டாஃப் கிளவுஸ் மாத்தாம அடுத்த பெட்டுக்குப் போறதும் நடக்குது. காஞ்ச ரத்தக்கறையில இந்த வைரஸ் ஒரு வாரம் கூட உயிரோட இருக்கும். ஹெபடைடிஸ் சிக்கு ஊசியே கிடையாது, அங்க சுத்தம் மட்டும்தான்.

ஃப்ளூ ஊசி வருஷத்துக்கு ஒண்ணு, நிமோனியா ஊசி டாக்டர் சொல்றபடி. "முழுசா வேலை செய்யாதுன்னா எதுக்கு சார்"னு கேக்காதீங்க, பாதி பாதுகாப்பு கிடைச்சாலும் ஐசியூ வரைக்கும் போகாம தப்பிக்கலாம்.

கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த அளவு) ஏறிட்டு இருக்கு, இன்னும் டயாலிசிஸ் வரலன்னு இருக்கவங்களே, கெஞ்சிக் கேக்கறேன், ஊசியை இப்பவே ஆரம்பிங்க, இப்ப உடம்பு நல்லா பதில் சொல்லும். டிரான்ஸ்பிளான்ட்டுக்குக் காத்திருக்கவங்க சின்னம்மை ஊசி பத்தியும் இப்பவே கேளுங்க, அது உயிருள்ள வைரஸ் ஊசி, கிட்னி மாத்தினப்புறம் பொதுவா போட மாட்டோம்.