கோயில் கல்லில் மணலைப் பீய்ச்சாதீர்கள்

திருப்பணி நடக்கும் கோயில்களில் கல்லின் நிலையைப் பார்த்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்துச் சிவன் கோயிலுக்குப் போனபோது, கல்லைச் சுத்தம் செய்வதாக கம்ப்ரஸர் வைத்து, கோயிலின் அடித்தளமான அதிட்டானம் முழுக்க மணலைப் பீய்ச்சி முடித்திருந்தார்கள். கல் வெளிறிப் பளிச்சென்று இருந்தது. அதிட்டானத்தின் குமுதம் என்ற வரிசையில் ஓடிய கல்வெட்டை விரலால் தடவிப் பார்த்தேன், பாதி எழுத்து கைக்குத் தட்டுப்படவே இல்லை. "கருங்கல்தானே சார், என்ன ஆகிடப்போகுது?" என்றார் வேலையைப் பார்த்துக்கொண்டவர்.

நிறைய ஆகும். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மிக மெதுவாக ஆறியதால்தான் கருங்கல் என்று நாம் சொல்லும் கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என்ற கனிம மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்து ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொண்டன. நல்ல கிரானைட்டில் துளைகள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, தண்ணீர் உள்ளே போகவே சிரமப்படும். தஞ்சைப் பெரிய கோயிலில் 1000 வருடத்துக்கு முன் வெட்டிய எழுத்துகளை இன்றைக்கும் படிக்க முடிகிறதென்றால் காரணம் இந்தப் பின்னல்தான். பீய்ச்சுகிற மணலும் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான், கல்லில் இருக்கும் மிகக் கடினமான மணிக்குச் சமமான கடினம். அது மோதும்போது முதலில் மெத்தென்ற மைக்கா பெயர்ந்து குழி விழும், அடுத்து ஃபெல்ஸ்பார் செதில் செதிலாக உடையும், அதுவரை இல்லாத மயிரிழை விரிசல்கள் அந்த மேல்தோல் முழுக்க வந்துவிடும். (தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கு சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும் ஆபத்து வேறு.)

ஒரு தகவல். சென்னைப் பக்கம் நாம் கருங்கல் என்று சொல்வதில் நிறைய சார்னோகைட், கிரானைட்டுக்கு நெருங்கிய உறவு. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். கல்லறைக் கல்லும் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையின் வகைதான்.

இவ்வளவு உறுதியான கல்லையும் உப்பு தின்னும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள், சிற்பங்களின் முகங்கள் மழுங்கிக் கிடக்கின்றன. கடல்காற்றில் வரும் உப்புநீர் விரிசலுக்குள் இறங்கிக் காயும்போது படிகமாகி மணிகளை நெம்பித் தள்ளுகிறது. அதனால்தான் தொல்லியல் துறை அங்கே காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. 2000-ல் திறந்த கன்னியாகுமரி வள்ளுவர் சிலைக்கும் அதே வைத்தியம்தான்.

கடல் இல்லாத ஊரில் உப்பை நாமே கொண்டுவருகிறோம். கல் இடுக்கில் சிமெண்ட் பூசினால் அதிலிருக்கும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் போகிறது, வெளியேற வழியில்லாத தண்ணீர் கல்லின் விளிம்பு வழியாகவே வந்து அங்கே வெள்ளையாகப் பூத்துப் பொரிகிறது. சுண்ணாம்புச் சாந்துதான் சரி, அது கல்லைவிட மென்மையாக இருந்து ஈரத்தைத் தன் வழியே விடும். ஆசிட் வேண்டவே வேண்டாம், கல்லிலுள்ள இரும்பைக் கிளப்பி மஞ்சள் கறையாக்கும்.

சரி, எண்ணெய்ப் பிசுக்கை எப்படி எடுப்பது? தண்ணீர், காரமில்லாத சோப்பு, தென்னை நார் பிரஷ், அப்புறம் பொறுமை. விடாத பிசுக்குக்கு அமோனியா கொஞ்சம் கலந்த தண்ணீரைப் பழக்கமானவர் கையால் போடலாம். எதுவானாலும் கண்ணில் படாத மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் செய்து பார்த்து, காய்ந்த பிறகு முடிவெடுங்கள். வேலை தொடங்கும் முன் கல்வெட்டுகளைப் படமெடுத்து, காகிதத்தில் மை ஒற்றி எடுக்கும் மைப்படியும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அந்தச் சிவன் கோயிலுக்கு இரண்டு மழைக்காலம் கழித்து மறுபடி போனேன். சொரசொரப்பான கல்லில் தூசியும் ஈரமும் தங்கி, முன்பைவிட அடர்த்தியாகப் பாசி பிடித்திருந்தது. இன்னொரு தடவை மணல் அடிக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த எழுத்துகளுக்கு அன்றைக்கே மைப்படி எடுக்க உட்கார்ந்தோம்.