முதலில் செடி, ஒரு மாதம் கழித்து மீன்

மீன் தொட்டி வாங்குகிறவர்களில் பலர் தொட்டி, மணல், மோட்டார், பத்துப் பதினைந்து மீன் என எல்லாவற்றையும் ஒரே நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று மாலையே தண்ணீர் நிரப்பி மீனை விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வெளுத்துக் கலங்குகிறது. ஒரு வாரத்துக்குள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடையில் சொன்னால் நீல மருந்தும் கல்லுப்பும் கொடுத்தனுப்புகிறார்கள். பத்து நாளில் பாதி மீன் போய்விடுகிறது. வீட்டில் பெரியவர்கள் "நமக்கு மீன் ராசி இல்ல" என்று சொல்ல, தொட்டி மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறது.

இதில் ராசிக்கு வேலையே இல்லை. அந்த மீன்களைக் கொன்றது பெரும்பாலும் நோய்கூட இல்லை, அமோனியா. புதுத் தொட்டியில் அதைச் சுத்தம் செய்ய யாரும் இல்லாததுதான் காரணம்.

மீன் தன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியா வரும். நாள்பட்ட தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அமோனியா செவுளை அரிக்கும்; நைட்ரைட் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும்; நைட்ரேட் அந்த அளவுக்கு ஆபத்தில்லாதது, செடிக்கு உரமும் ஆகும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. ஸ்பாஞ்ச், மணல், இலை என ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் வாழும். பெருகுவதும் மெதுவாகத்தான்: சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்றால், இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மூன்றாம் நாள் வரும் வெள்ளைக் கலங்கல் அந்தச் சாதாரண வகைதான். அதனால் கெடுதல் இல்லை, தானாகத் தெளியும். பதறிப்போய்த் தண்ணீரை மொத்தமாக இறைத்துக் கொட்ட வேண்டாம்.

நீல மருந்து என்பது மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதைத் தொட்டிக்குள்ளேயே ஊற்றினால், வளரத் தொடங்கிய நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், செடியையும் கெடுக்கும், மூலையில் இருக்கும் சிலிக்கானில் நீலக் கறையாகத் தங்கிவிடும். கல்லுப்பும் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. மருந்து எதுவானாலும் தனி வாளியில் வைத்துக் கொடுங்கள்.

அமோனியாவின் விஷம் தண்ணீரின் பி.எச் அளவை, அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணைப் பொறுத்தது. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே தண்ணீர் பி.எச் 8 ஆனால் ஆறேழு பங்கு விஷமாக இருக்கும். ஒரே எண்ணிக்கை மீனை ஒரு வீட்டுத் தண்ணீர் தாங்குவதும் இன்னொரு வீட்டுத் தண்ணீர் தாங்காததும் இதனால்தான். போர் தண்ணீர் பல இடங்களில் 8ஐ ஒட்டி இருக்கிறது.

தொட்டியும் தண்ணீரும்

முதல் தொட்டிக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் சரியான அளவு. கணக்குப்படி 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். சின்னது சுலபம் என்று நினைத்து உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வாங்காதீர்கள். தீனி கொஞ்சம் கூடினாலும், ஒரு மீன் செத்துக் கிடந்தாலும், 5 லிட்டரில் அது ஒரே இரவில் விஷமாகிவிடும். 45 லிட்டரில் கவனித்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

நிரப்பிய தொட்டி 70 கிலோவுக்கு மேல் போகும். மட்டம் பார்த்த உறுதியான மேசை வேண்டும்; அடியில் அரை அங்குல தெர்மாகோல் ஷீட் விரிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சின்ன மணல் துகள்கூட அடிக்கண்ணாடியில் விரிசல் விட வைக்கும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். பிளக்குக்குப் போகும் ஒவ்வொரு வயரும் கொஞ்சம் கீழே தொங்கி மறுபடி மேலே ஏற வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ, குளோரின் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்து ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைக் குமிழாக விடும் கல்) ஓடவிட்டால் குளோரின் போய்விடும். பிளீச்சிங் பவுடர் அளவு ஒவ்வொரு லோடுக்கும் மாறும் என்பதால் ஆன்டி குளோரின் சொட்டும் கைவசம் இருக்கட்டும், பாட்டிலில் சொன்ன அளவுக்கு. போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 400க்கு மேல் போனால் ஆர்ஓ தண்ணீர் கலக்குங்கள். போர் 900, ஆர்ஓ 50 என்றால், ஒரு பங்கு போருக்கு நான்கு பங்கு ஆர்ஓ சேர்த்தால் 220 வரும். முழுக்க ஆர்ஓ ஊற்றுவதும் தப்பு. அதில் செடிக்குத் தேவையான கால்சியம், மக்னீசியம் இருக்காது, பி.எச் ஒரு நிலையில் நிற்காது. ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள், உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மணல் 1 முதல் 3 மில்லிமீட்டர் பருமன். ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் கலந்திருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும், அந்த மணல் வேண்டாம். முன்பக்கம் 5 சென்டிமீட்டர், பின்பக்கம் 7 என்று சரிவாகப் போட 16 கிலோ போதும். கழுவிய தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். வெறும் மணலில் சத்து இல்லாததால், வேரால் உண்ணும் செடிகளுக்குப் பக்கத்தில் உர வில்லையைப் புதைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிது வைக்கலாம். விலை கூடிய ஆக்வா சாயில் (தொட்டிச் செடிகளுக்கென்றே விற்கும் சத்து மண்) செடிக்கு அருமையானது, ஆனால் முதல் சில வாரம் அதுவே அமோனியாவை விடும். அதைப் போட்டவர்கள் அந்த வாரங்களில் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஃபில்டரில் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. விலை குறைவு, குஞ்சும் இறாலும் உள்ளே இழுபடாது, கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்பில் ஓடும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒரு செக் வால்வு மாட்டுங்கள். இரண்டும் இல்லையென்றால் கரண்ட் போன நேரத்தில் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி பம்பையும் தரையையும் நனைக்கும்.

விளக்கு 6500 கெல்வின் வெள்ளை எல்இடி, 10 முதல் 15 வாட். முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம், பிறகு 8. டைமர் பிளக் கட்டாயம். கையால் போட்டு அணைக்கிற வீடுகளில் விளக்கு இரவு பதினொன்றுவரை எரிந்து பாசி பிடிப்பதை அடிக்கடி பார்க்கிறோம். சென்னை, மதுரை, திருச்சியில் ஹீட்டர் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானலில் தேவை.

நடவு

தொடக்கத்திலேயே நெருக்கமாக நட வேண்டும். நான்கு செடி வாங்கி, வளர்ந்ததும் நிரம்பும் என்று காத்திருந்தால், அந்த இடைவெளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். பின்வரிசைக்கு வாலிஸ்நேரியா எட்டு பத்து, வாட்டர் விஸ்டீரியா பத்துத் தண்டு. நடுவில் கிரிப்டோகோரைன் வென்டி நான்கு குவளை. மரக்கட்டையில் ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும். மேலே ஒரு கைப்பிடி மிதக்கும் சால்வினியா. இவை எதற்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வேண்டாம். வேகமாக வளரும் செடி அமோனியாவைத் தானே நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். புதுத் தொட்டிக்கு அதுதான் முதல் பாதுகாப்பு.

செடியைச் சுற்றியிருக்கும் ஈயப் பட்டையைக் கழற்றுங்கள். செடி வரும் சின்ன பிளாஸ்டிக் குவளையில் இருக்கும் பஞ்சை வேரிலிருந்து முள்வாங்கியால் பிரித்தெடுங்கள். ஒரு குவளையில் பெரும்பாலும் நான்கைந்து தனிச்செடி இருக்கும். நீண்ட வேரை இரண்டு அங்குலத்துக்கு வெட்டி, நீண்ட முள்வாங்கியால் பிடித்து, சாய்வாக மணலுக்குள் செலுத்தி, முள்வாங்கியை மெல்லத் திறந்து வெளியே எடுக்க வேண்டும். நேராகக் குத்தினால் செடி மேலே வந்துவிடும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டுக்கும் தடித்த கிடைத்தண்டு இருக்கிறது. அதை மணலில் புதைத்தால் அழுகும். பருத்தி நூலால் கட்டையில் கட்டிவிடுங்கள்.

இரண்டாம் வாரம் கிரிப்டோகோரைன் இலைகள் ஓரத்திலிருந்து கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ ஆரம்பிக்கும், தொட்டால் கூழாகும், நான்கைந்து நாளில் செடியே காணாமல் போகும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறவர்கள்தான் அதிகம். பிடுங்காதீர்கள். இலங்கை ஓடைகளின் கரையில் வளரும் இந்தச் செடியைப் பண்ணைகளில் தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள். அந்தக் காற்று இலைகள் தண்ணீருக்குள் தாங்காது. கூழான இலையை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு வேரைத் தொடாமல் விட்டால், இரண்டு மூன்று வாரத்தில் நடுவிலிருந்து சுருண்ட புது இலை வரும். இடம் மாற்றி நட்டால் மறுபடியும் கொட்டும்.

காத்திருக்கும் மாதம்

மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்கு உணவு நாம்தான் போட வேண்டும். ஆய்வகத் தரமான அம்மோனியம் குளோரைடு 10 கிராமை 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 மில்லியை 45 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் அமோனியா ஏறக்குறைய 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் இதே உப்புதான் என்றாலும் அதன் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை, தொட்டிக்கு வேண்டாம். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி நண்பர் வீட்டில் இருந்தால், உங்கள் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொண்டுபோய், அவருடைய ஸ்பாஞ்சை அதில் பிழிந்து வாங்கி வந்து தொட்டியில் ஊற்றுங்கள். பாட்டில் பாக்டீரியாவைவிட அதை நம்பலாம். ஆனால் அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும்.

திரவச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். மீனுக்குச் செலவிடுவதைவிட இதற்குச் செலவிடுவது முக்கியம். அமோனியா சோதனைக் குழாயில் மஞ்சள் என்றால் பூஜ்யம், பச்சை ஏற ஏற அமோனியா கூடுகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள். பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகே மறுபடி 30 மில்லி. நடுவில் நைட்ரைட் ஏறி, ஒன்றிரண்டு வாரம் இறங்காமல் நிற்கும். பலர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். 30 மில்லி ஊற்றி 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். கண்ணாடியில் பழுப்புத் தூள் படிந்தால் டயாட்டம் பாசி, துடைத்தால் போகும். சின்ன நத்தைகள் வந்தாலும் கவலை வேண்டாம், அழுகிய இலையைத் தின்னும்.

மீன் விடுவதற்கு முன் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், சேர்ந்திருக்கும் நைட்ரேட் குறையும்.

மீன்

45 லிட்டருக்கு ஹார்லிகுவின் ரஸ்போரா எட்டு, அல்லது எம்பர் டெட்ரா பத்து. தண்ணீர் கடினமாகவே இருந்தால் கப்பி ஆண்கள் மட்டும் ஆறு. பெண்ணும் வாங்கினால் மாதத்துக்கு ஒருமுறை குட்டி போட்டுத் தொட்டி நிரம்பிவிடும். பாதியை முதலில் விட்டு, இரண்டு வாரம் கழித்து மீதி. பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தொட்டித் தண்ணீரை அரை மணி நேரம் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

வாங்கவே கூடாதவை: கோல்டு ஃபிஷ் செடியைத் தின்னும், கழிவும் அதிகம். "தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று விற்கும் சக்கர் ஒரு அடிக்கு மேல் வளரும். விரல் நீளத்தில் விற்கும் சார்க் உண்மையில் பங்காசியஸ் கெளுத்தி, ஒரு மீட்டரைத் தொடும். மிஸ் கேரளா என்னும் டெனிசன் கெண்டைக்கு நான்கடித் தொட்டி வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் அருகிவரும் மீன் அது, ஓடையில் பிடித்ததை வாங்காதீர்கள்.

தீனி நாளுக்கு ஒரு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வாரம் ஒருமுறை ஒரு வாளி, அதாவது 10 முதல் 12 லிட்டர் மாற்றினால் போதும். அந்த வாளியில் இறக்கிய பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை மெல்லப் பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் குளோரின் ஒரு மாத உழைப்பை அழித்துவிடும். கோடையில் தண்ணீர் 31, 32 டிகிரி போகும், ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து வலை போட்டு, சின்ன மின்விசிறியை மேல்மட்டத்தில் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது.

வெட்டிய செடியையும் வேண்டாத மீனையும் ஏரியிலோ குளத்திலோ கிணற்றிலோ விடாதீர்கள். தொட்டிகளிலிருந்து போன சக்கர் மீன்கள் தமிழக ஏரிகளில் பெருகி வலைகளைக் கிழிக்கின்றன. 2020இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் ஓடை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது; அது தென் அமெரிக்காவின் கபோம்பா, தொட்டிகளில் வளர்க்கும் செடி. மீனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கிற ஒருவருக்குக் கொடுங்கள். நறுக்கிய தண்டை மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு மாடித் தோட்ட உரக்குழியில் போடுங்கள்.