செங்கல் முத்திரை கல்லறையின் பிறந்த தேதி அல்ல

சென்ற மாதமும் ஒரு செங்கல் துண்டு என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ரோமுக்குச் சுற்றுலா போன ஒருவர், பழங்காலக் கல்லறைகள் வரிசையாக நிற்கும் ஆப்பியா சாலையோரம், ஒரு கல்லறையருகே எடுத்ததைப் பழைய சட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வட்ட முத்திரைக்குள் பேட்டினுஸ், அப்ரோனியானுஸ் என்ற இரு கான்சல்களின் (ரோமானியர் ஆண்டைக் குறிக்கப் பெயர் சொல்லும் உயர் பதவியாளர்கள்) பெயர்ச்சுருக்கம்; அதாவது கி.பி. 123. "அப்படியென்றால் அந்தக் கல்லறை 123இல் கட்டியதுதானே?" என்றார்.

இல்லை. முத்திரை சொல்வது செங்கல் அறுத்த ஆண்டை. சுவர் எழுந்த ஆண்டை அல்ல. 123ஆம் ஆண்டு முத்திரையிட்ட செங்கற்கள் ரோமில் ஏராளம். கிடங்கில் கிடந்து பின்னாளில் சுவரேறியவை உண்டு, இடிந்த கட்டடத்திலிருந்து பெயர்த்து வேறொரு சுவரில் பதித்தவையும் உண்டு. ஆகவே ஒற்றைச் செங்கல் 'இதற்கு முன்பு அல்ல' என்ற எல்லையை மட்டுமே தரும். அதுவும் சுவருக்குள் இருந்தால்தான். தரையில் கிடந்த துண்டு அதைக்கூடத் தராது. எத்தனை முறை சொன்னாலும், "அதில் வருடமே இருக்கிறதே" என்ற பதில்தான் வருகிறது.

ரோமில் பிரமிடு வடிவில் நிற்கும் செஸ்தியுஸ் என்பவரின் கல்லறையை எடுத்துக்கொள்வோம். அதன் கல்வெட்டு, வேலை 330 நாளில் முடிந்தது என்கிறது. எந்த ஆண்டு என்று சொல்வதில்லை. ஆடம்பரத் தடைச் சட்டத்தால் உள்ளே வைக்க முடியாத விலையுயர்ந்த திரைச்சீலைகளை விற்றுச் சிலைகள் செய்ததாகப் பீடக் கல்வெட்டு கூறுவதால் அந்தச் சட்டம் வந்த கி.மு. 18ஐ ஒட்டி ஓர் எல்லையும், செஸ்தியுஸின் வாரிசுகளில் பேரரசர் அகஸ்துஸின் தளபதி அக்ரிப்பா இருப்பதால் அவர் இறந்த கி.மு. 12இல் மறு எல்லையும் கிடைக்கின்றன. காலக்கணிப்பு என்பது இப்படி இரு புறமும் நெருக்குவதே. (ஆப்பியா சாலையிலுள்ள செசீலியா மெத்தெல்லா என்ற பெண்ணின் கல்லறை உச்சியில் கோட்டைச் சுவர் போன்ற கொத்தளப் பற்களைக் கண்டு 'ரோமானியக் கோட்டை' என எழுதுவோர் கவனிக்க: அவை இடைக்காலத்தில் ஏற்றியவை, கீழுள்ள உருளைதான் கல்லறை.)

சுவர் சுவராக இருந்தால் நிறையப் பேசும். ரோமின் பழைய துறைமுக நகரான ஓஸ்தியா அருகே, இசோலா சாக்ரா என்ற இடுகாட்டில், வீடு போன்ற செங்கல் கல்லறைகளின் வாசல் மேல் மனையின் அகல நீளத்தை ரோமானிய அடியில் பொறித்த பளிங்குப் பலகைகளைக் காணலாம். உள்ளே சாம்பல் கலசத்துக்கான மாடக்குழியும், உடலைக் கிடத்தும் வளைவுக்குழியும் அருகருகே இருக்கும். எரிப்பதிலிருந்து புதைப்பதற்கு வழக்கம் மாறிய 2ஆம் நூற்றாண்டு அங்கே கண்முன் நிற்கிறது.

எனவே, தயவுசெய்து எதையும் எடுக்காதீர்கள். இத்தாலியில் அது குற்றம். சாந்தைச் சுரண்டாதீர்கள். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் அளவுகோல் வைத்து, பின்னால் சுவர் தெரியப் படமெடுத்து, அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள்.

எந்தக் கல்லறையருகே எடுத்தது என்று வந்தவரிடம் கேட்டேன். ஆப்பியா சாலையின் மூன்றாம் மைலுக்கும் ஐந்தாம் மைலுக்கும் நடுவில் எங்கோ, என்றார்.