வண்டி குலுங்கினால் இடது காலைக் கவனியுங்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பலர் முதல் நாள் கேட்பது கியரைப் பற்றித்தான். எந்தக் கியர் எங்கே இருக்கிறது, எப்போது மாற்ற வேண்டும், மறந்துபோனால் என்ன ஆகும் என்று. கியர் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். வண்டி குலுங்குவதும், நடுரோட்டில் ஆஃப் ஆவதும், பின்சீட்டில் இருப்பவர் தலை முன்னும் பின்னும் ஆடுவதும் பெரும்பாலும் இடது காலின் அவசரத்தால் வருபவை. அதனால் முதல் நாள் என் மாணவர்களை ஆக்சிலரேட்டரைத் தொடவே விடமாட்டேன்.

ஆள் நடமாட்டம் இல்லாத சமதளம் ஒன்று போதும். இடது கால் பெடலான கிளட்சை முழுக்க மிதித்து முதல் கியர் போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, வலது காலை பிரேக்கின் மேல் தயாராக வைத்திருங்கள், மிதிக்க வேண்டாம். அப்புறம் இடது காலை மெதுவாக, மிக மெதுவாக மேலே விடுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஓர் இடம் வந்ததும் இன்ஜின் சத்தம் லேசாகத் தணியும், ஸ்டியரிங்கில் சின்ன அதிர்வு தெரியும். அங்கேயே காலை நிறுத்துங்கள். வண்டி ஆள் நடப்பதைவிட மெதுவாகத் தானே நகரத் தொடங்கும். நாங்கள் ஹாஃப் கிளட்ச் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். வண்டி நகர்ந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் அந்த நொடியே காலை முழுக்க எடுத்துவிடுகிறார்கள் பலர். உடனே வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுபோகிறது.

காரணம் எளிதுதான். வண்டி நிற்கும்போதும் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 700 முதல் 900 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரமோ அசையாமல் இருக்கிறது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலும், கியர்பாக்ஸோடு சேர்ந்த கிளட்ச் பிளேட்டும் ஒன்றையொன்று உரசி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரே வேகத்துக்கு வர வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நொடி தேவை. அந்த அவகாசத்தை உங்கள் கால் கொடுக்காவிட்டால், நிற்கும் வண்டியின் எடை முழுவதும் சட்டென்று இன்ஜின் மேல் விழுகிறது. அது தாங்காமல் அணைந்துவிடும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என்னிடம் வந்தார். ஏற்கெனவே வேறு இடத்தில் கற்றுப் பார்த்து, "எனக்கு இது வராது தம்பி" என்ற முடிவோடுதான் வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளட்சை முழுக்க மிதிக்கும்போது முழங்கால் விறைத்து நீண்டது, விரல் நுனிதான் பெடலில் இருந்தது. அப்படி எட்டிப்பிடித்து மிதிக்கும் காலால் பெடலை நிதானமாக விட எப்படி முடியும்? சீட்டை இரண்டு பல் முன்னால் தள்ளினோம். கிளட்ச் முழுக்க உள்ளே போன பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும் அளவுக்கு. கனமான செருப்பையும் கழற்றி மெல்லிய அடிப்பாக ஷூ போடச் சொன்னேன். அன்றைக்கே பத்துத் தடவை வண்டியை எடுத்தார், ஒரு தடவைதான் ஆஃப் ஆனது. இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வராது" என்று யாரிடமும் சொல்வதற்கு முன்னால், தயவுசெய்து அவர் சீட்டைப் பாருங்கள்.

கியர் மாற்றுவதிலும் இதே கதைதான். பல கார்களில் மூன்றாவது கியரில் 2,000 சுற்றில் ஓடும் இன்ஜின், அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு வந்தால் 3,000 பக்கம் சுற்ற வேண்டியிருக்கும். அந்த வித்தியாசம்தான் உடம்பைத் தூக்கிப் போடுகிறது. கியரைக் குறைத்ததும் ஆக்சிலரேட்டரை இம்மியளவு தொட்டுக்கொண்டே கிளட்சை விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். கியர் கம்பியைக் குத்தித் தள்ள வேண்டாம். உள்ளே பற்களின் வேகத்தை இணைக்கும் சின்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. விரல்களால் அழுத்தம் கொடுத்து அரை நொடி காத்திருந்தால் கியர் தானாக உள்ளே விழும்.

மேட்டில் நிற்கும்போது கிளட்சையும் ஆக்சிலரேட்டரையும் வைத்தே வண்டியைப் பிடித்து நிறுத்துவது பெரிய திறமை என்று நினைக்கிறார்கள். பிளேட் எரிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கருகல் வாசனை வந்தால் அதுதான். ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளம்பும்போது ஹாஃப் கிளட்ச் பிடித்து, இன்ஜின் வண்டியை இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஓடும்போது இடது காலை கிளட்ச் மேலேயே வைத்திருக்கும் பழக்கமும் பிளேட்டைத் தேய்க்கும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் பிளேட் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது வேறொன்று. இறக்கத்தில் எந்தக் கியரிலும் இல்லாமல் நியூட்ரல் போட்டால் எரிபொருள் மிச்சம் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். இன்றைய ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், இறங்கும்போது எரிபொருள் பெரும்பாலும் நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமலிருக்கவே எரிபொருள் எரிய வேண்டும். அது போகட்டும், நியூட்ரலில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்ஜினின் இழுப்பு இல்லாததால் மொத்தச் சுமையும் பிரேக்குக்குப் போகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரலாம். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், இடது காலைக் கிளட்சிலிருந்து எடுத்துக் கீழே வையுங்கள், வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுங்கள்.