செல்போன் வாங்கிவிட்டேன் டீச்சர்

போன வாரமும் ஒருவர் வந்தார். ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர். பையன் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவன், இப்போது நடுநிலை வகுப்பில் இருக்கிறான். ‘வ’, ‘லை’ என்று தனித்தனியாகச் சொல்கிறான். சேர்த்துப் படிக்க வரவில்லை. வலையில் கிழிசல் பார்த்து முடிச்சுப் போடத் தெரிந்த பிள்ளை!

“அன்றைக்கு நல்ல செல்போன் இல்லாததால்தான் இவன் படிப்பு போயிற்று. இப்போது தவணையில் வாங்கிவிட்டேன் டீச்சர்” என்றார் அந்த அம்மா. இந்த மாதத்தில் இது நான்காவது செல்போன். எனக்கு எரிச்சல் அவர் மேல் இல்லை, இப்படி அவரை நம்ப வைத்தவர்கள் மேல்தான்.

நெதர்லாந்தில் 2020-இல் முதலில் எட்டு வாரம்தான் பள்ளி மூடியிருந்தது. இணையத்துக்கும் கணினிக்கும் அங்கே பெரிதாகப் பஞ்சமில்லை. அப்படியும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அந்த நாட்களில் ஏறக்குறைய எதையும் கற்கவில்லை என்று தேர்வு மதிப்பெண்கள் காட்டின. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு இன்னும் கூடுதல். இங்கே தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-இல். 2007 முதலே பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்துவந்த உருகுவே கூட 2020 ஏப்ரலிலேயே கிராமப் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கிவிட்டது. கருவி கையில் இருந்தவர்களே அதை நம்பிச் சும்மா இருக்கவில்லை.

போட்ஸ்வானாவில் வேறொன்று செய்து பார்த்தார்கள். சில வீடுகளுக்கு வாரந்தோறும் கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். வேறு சில வீடுகளுக்கு அதோடு ஒருவர் அழைத்து, பெற்றோரையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இருபது நிமிடம்போலக் கணக்குப் போட வைத்தார். அதற்குப் பட்டன் போனே போதுமாக இருந்தது. அழைப்பு வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். வெறும் குறுஞ்செய்தியால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை.

வெறும் குறுஞ்செய்தி அனுப்பிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போட்டேன். பதிலுக்குக் கட்டைவிரல் வந்தது. (அந்தக் கட்டைவிரல்களைத்தான் வருகைப்பதிவாக எண்ணிக்கொண்டோம் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.) பாதி நாள் அந்த போன் அப்பாவோடு கடலில் இருந்திருக்கும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் பிள்ளை தப்பாகப் படித்தால் டிவிக்குக் காது கேட்காதே.

ஆகவே தயவுசெய்து தவணை எடுக்காதீர்கள். இரவில் பத்து நிமிடம் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாதா? பரவாயில்லை, அவன் தடுமாறுவது காதுக்குத் தெரியும். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு டீச்சரிடம் காட்டுங்கள். பாடப் புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம், மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். மளிகைச் சீட்டைக் கொடுத்துப் பாருங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகமா என்று கூச்சப்படவும் வேண்டாம்.

சக ஆசிரியர்களே, அடுத்த புயல் விடுமுறைக்குக் குழுவில் பிடிஎஃப் தட்டிவிட்டுப் படுக்காதீர்கள். நாளைக்கு ஐந்து பிள்ளைகளையாவது கூப்பிட்டுப் பேசுங்கள்.

அந்தப் பையனைச் சாயங்காலம் என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். செல்போனை அம்மாவிடமே விட்டுவிட்டு வர வேண்டும்.