‘மரக் கொதிகலன்’ வேண்டாம், விறகுக் கணப்பு போதும்

குளிர்நாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை எதை எடுத்தாலும் இந்த ‘மரக் கொதிகலன்’ வந்துவிடுகிறது. விறகை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கிக் கட்டடத்தின் குளிரைப் போக்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் ‘வுட் பாய்லர்’ என்று பெயர், அதன் மொழிபெயர்ப்பு இது. போன வாரம் படித்த ஒன்றில் ஒரே பத்தியில் நான்கு தடவை. இருப்பது இரண்டு சொல், இரண்டுமே பொருந்தவில்லை.

பாய்லர் என்பதன் வேர் லத்தீனில் குமிழியைக் குறிக்கும் ‘புல்லா’. குமிழியிட்டுக் கொதிக்க வைப்பது பாய்லர், ஆகவே கொதிகலன். நீராவி வேண்டிய இடத்தில் இது அருமையான சொல். நெல் அவிக்கும் ஆலையில், திருப்பூர்ச் சாயப்பட்டறையில், நெய்வேலி மின்நிலையத்தில் இருப்பவை கொதிகலன்கள்தான்.

பள்ளிக்கூடத்தில் இருப்பது வேறு. அமெரிக்காவின் மொன்டானாவில் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் 2000-இல் பெரும் காட்டுத்தீ பரவியது. அப்புறம், தீப்பிடிக்கக்கூடிய சின்ன மரங்களைக் காட்டிலிருந்து வெட்டி எடுத்துப் பள்ளிகளுக்கு எரிபொருளாக்கும் திட்டம் வந்தது. 2003-இல் டார்பி ஊர்ப் பள்ளி வளாகம் எண்ணெயை விட்டு விறகுக்கு மாறியது. வெர்மான்ட் மாநிலப் பள்ளிகள் 1980-களிலேயே மாறத் தொடங்கிவிட்டன. இப்படிப்பட்ட பள்ளிகளில் பொதுவாக, சிறு சிறு துண்டாக நறுக்கிய விறகைத் திருகு ஒன்று நெருப்பறைக்குள் தள்ளும். சூடான புகை குழாய்கள் வழியே போகும்போது சுற்றியுள்ள தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடாகும். அந்தத் தண்ணீர் வகுப்பறை வகுப்பறையாகச் சுற்றி, சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். அது கொதிக்கவே கூடாது. கொதித்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். கொதிக்கக் கூடாத கலனுக்குக் கொதிகலன் என்று பெயர் வைப்பது எப்படிச் சரியாகும்? ஆங்கிலத்திலும் அதே பிழை இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஜெர்மன்காரர்கள் ‘ஹைட்ஸ்கெஸல்’, அதாவது சூடேற்றும் அண்டா என்கிறார்கள். ஆங்கிலத்தின் பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அடுத்து ‘மர’. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மரக்கதவு, மரக்கரண்டி, மரச்செக்கு என்றால் மரத்தால் செய்தது. எரிப்பதைச் சொல்ல வேண்டுமானால் நமக்கு வேறு வழக்கு இருக்கிறது: விறகடுப்பு, கரியடுப்பு, உமி அடுப்பு. மண்ணடுப்புக்கும் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் வித்தியாசம் தெரியாத தமிழர் உண்டா? அப்படியிருக்க, ‘மரக் கொதிகலன்’ என்று படிக்கிறவர் மரத்தால் செய்த அண்டா ஒன்றை நெருப்பில் வைத்திருப்பதாக நினைத்தால் தவறு அவருடையது அல்ல. எரிக்க எடுத்த மரம் விறகு. புறநானூற்றிலேயே இருக்கும் சொல். திருவிளையாடலில் சிவன் மதுரைத் தெருவில் சுமந்து விற்றது விறகு. இதை விட்டுவிட்டு ‘மர எரிபொருள்’ என்று எழுதுகிறார்கள்.

அதைவிடக் கனமாக எழுத விரும்புகிறவர்கள், ஆங்கிலத்தின் ‘பயோமாஸ்’ என்பதைப் பெயர்த்து ‘உயிரித்திரள்’ என்கிறார்கள். உயிரி என்றால் உயிருள்ளது. வெட்டிக் காயவைத்த கட்டையில் உயிர் எங்கே இருக்கிறது? விறகு, உமி, கரும்புச் சக்கை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் வேண்டிய அறிவியல் கட்டுரையில் அதை வைத்துக்கொள்ளுங்கள், சரி. எரிவது விறகு மட்டும் என்றால் விறகு என்றே எழுதுங்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டவைப்பதுதான் இப்போதைய மொழிபெயர்ப்பு முறையாக இருக்கிறது. பொருளை நேரில் பார்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இத்தனைக்கும் பொருள் நமக்குப் புதிதல்ல. எங்கள் பாட்டி வீட்டுப் புழக்கடையில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் புகைபோக்கிக் குழல், அதைச் சுற்றித் தண்ணீர், பக்கத்தில் பித்தளைக் குழாய். குழலுக்குள் தேங்காய் மட்டையும் சுள்ளியும் போட்டு எரிப்போம், அடியில் கம்பிச் சல்லடை வழியே சாம்பல் விழும். தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வந்ததும் பாட்டி மேற்கொண்டு சுள்ளி போட விடமாட்டார். அந்தப் பள்ளிகளில் இருப்பது இதன் பெரிய அண்ணன், அவ்வளவுதான்.

குளிர்காயும் நெருப்புக்குத் தமிழில் கணப்பு என்று பெயர். கணப்புச் சட்டி கேள்விப்பட்டிருப்பீர்கள். காய்ச்சலில் உடம்பு ‘கணகண’ என்று இருக்கிறது என்கிறோமே, அதே சூடு. ஆகவே கருவிக்கு விறகுக் கணப்புக் கலன், ஏற்பாடு முழுவதற்கும் விறகுக் கணப்பு. ‘பள்ளிகளை வெப்பமாக்கல்’ என்ற தொடரும் இதோடு போய்விடும். கட்டடத்துக்குக் கணப்பு ஏற்பாடு செய்கிறார்கள், வெப்பமாக்குவதில்லை.

பெல்லட்டை ‘வில்லை’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். வில்லை தட்டையானது. இது மரத்தூளை அழுத்திச் செய்த, பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள குட்டைக் குச்சி. விறகுத்தூள் குச்சி எனலாம், அல்லது தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறபடி பெல்லட் என்றே விடலாம்.

நான் படித்த கட்டுரையின் தலைப்பு ‘பள்ளிகளை வெப்பமாக்கும் மரக் கொதிகலன்கள்’. ‘விறகுக் கணப்புக்கு மாறும் பள்ளிகள்’ என்று போட்டிருக்கலாம்.